கொப்பியில் எழுதாத சாப்பாடு

மகன்,

ஒரே வீட்டுக்குள் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன் இந்தக் கொட்டாஞ்சேனையில் வேறு யாரும் இருப்பானோ தெரியாது. நீ முன் அறையில் இருக்கிறாய். நான் குசினியில், சோற்றுப் பார்சல்கள் எல்லாம் போன பிறகு மேசையைத் துடைத்துவிட்டு, ஓடர் எழுதுகிற கொப்பியின் கடைசிப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நமக்கு நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. வாயால் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். உன் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தால் "மீன் குழம்பு இருக்கு, போட்டுச் சாப்பிடு" என்பதுதான் வருகிறது. ஆகவே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே நீ சொன்னதை நான் கேட்டுவிட்டேன். ஒளிந்து நின்று கேட்கவில்லை, முருங்கைக்காய்க் கட்டோடு பின்வாசலால் வந்தேன். ஆஸ்பத்திரியில் போசாக்கு அதிகாரியாக உனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் நீ போகப் போவதில்லை, நுகேகொடையில் ஒரு பிஸ்கட் கொம்பனியில் விற்பனைப் பக்கம் வேலை பார்த்து வைத்திருக்கிறாய். அம்மா ஏன் என்று கேட்டாள். நீ குரலைக் கூட்டாமல் சொன்னாய்: "நான் எழுதின கொப்பியாலதான் அப்பா விழுந்தவர். இன்னொருத்தர்ட தகப்பனுக்கும் அப்பிடி நடந்தா நான் என்ன செய்யிறது? எனக்கு ஏலாது அம்மா." முருங்கைக்காயை அங்கேயே நிலத்தில் வைத்துவிட்டு நான் திரும்பி வெளியே போய்விட்டேன். சந்தியில் நின்று ஒரு பிளேன்டீ குடித்தேன், சீனி போடாமல்தான். நாலு வருசமாக நீ இதைச் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது இன்னொரு பொய். அரைகுறையாகத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். நீ கம்பசுக்கு எடுபட்டு, போசாக்கு விஞ்ஞானம் படிக்கப் போகிறேன் என்று வந்து சொன்ன நாளில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். சோறு தின்னப் படிப்பு வேறு வேணுமா என்று கேட்டேன். பிலோமினா சிரித்தாள். அவள் நம் குசினியில் பதினைந்து வருசமாகத் தேங்காய் துருவுகிறவள், நான் எதற்குச் சிரித்தாலும் சிரிப்பாள். நீ சிரிக்கவில்லை. இவ்வளவு பேருக்கு நாள்தோறும் சோறு கட்டி அனுப்புகிறவனின் மகன், அந்தச் சோறு உள்ளே போய் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். அதில் பகிடி பண்ண என்ன இருக்கிறது? எனக்கு அப்போது விளங்கவில்லை. என் தொழில் வாயோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

முதலாம் வருசம் மனித உயிரியல் பாடம் உனக்கு. சத்தமாக வாசித்தால்தான் உனக்கு மனதில் நிற்கும், அதனால் குசினி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பாய். தாச்சியில் வெங்காயம் பொரிகிற சத்தத்துக்கு மேலே உன் குரல் வரும். இரைப்பை, சிறுகுடல், ஈரல், சதையி. சதையி என்ற ஒன்று என் வயிற்றுக்குள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வருசமாக எனக்கு இருக்கிற சீனி வருத்தம், இந்த நீரிழிவு, அதால்தான் என்றும் அன்றைக்குத்தான் தெரியும். ஒருநாள் நீ வெறும் சோற்றில் ஒரு பிடி எடுத்து என் வாயில் வைத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இருக்கச் சொன்னாய். எனக்கு ஓடர் கிடக்கிறது, இவன் ஒருத்தன் என்று ஏசிக்கொண்டே மென்றேன். கொஞ்ச நேரத்தில் இனித்தது. கறி இல்லை, சம்பல் இல்லை, சீனி இல்லை, வெறும் சம்பாச் சோறு வாய்க்குள்ளேயே இனித்தது. உமிழ்நீரில் ஒரு நொதியம் இருக்கிறது, அது மாப்பொருளை வாயிலேயே சீனியாக உடைக்கத் தொடங்கிவிடும் என்றாய். விழுங்குவதற்கு முதலே உடம்பு வேலையைத் தொடங்கிவிட்டதா என்று கேட்டேன். ஓம் என்றாய். முப்பது வருசம் சோறு ஆக்கினவனுக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது பார். அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்த மரியாதையை நான் வெளியே காட்டவில்லை. சரி சரி, அரிசி கழுவ வேணும் எழும்பு என்றுதான் சொன்னேன்.

அந்த வருசத் தவக்காலத்தில் உனக்கு ஒரு ஒப்படை தந்தார்கள். வீட்டில் ஒருவரைப் பிடித்து, மூன்று நாளைக்கு, முதல்நாள் காலை எழும்பியதிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் போன எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். விரலில் ஊசி குத்திச் சீனி பார்த்து அதையும் எழுத வேண்டும். பிறகு, சாப்பாடு வாயிலிருந்து இரத்தத்துக்குப் போகிற வழியை வைத்து இரண்டையும் பொருத்தி விளக்க வேண்டும். நீ என்னைத் தேர்ந்தெடுத்தாய். சீனி வருத்தக்காரன், கூப்பிட்ட நேரத்துக்கு வீட்டில் இருக்கிறவன். நீல மட்டை போட்ட புதுக் கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் என் வயதையும் நிறையையும் எழுதினாய். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம்.

இங்கேதான் என் பெருமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தவக்காலம் முழுக்க ஒருசந்தி பிடிக்கிறவன், ஒரு நாளைக்கு ஒரே ஒரு நேரச் சாப்பாடு. நீ பிறந்த வருசம் வைத்த நேர்த்தி அது. வருத்தம் வந்த பிறகும் விடவில்லை. டொக்டர் வேண்டாம் என்றார், சரி டொக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நீயும் சொன்னாய், உனக்கும் தலையாட்டினேன். கோயிலில் எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால், இவ்வளவு கறிக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு வாய் தொடாமல் இருக்கிறானே மனுசன் என்று என்னைக் காட்டிக் கதைப்பார்கள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? சமையல்காரனுக்கு அது ஒரு கிரீடம் மாதிரி. ஆனால் மகன், ஒரு வாய் தொடாமல் ஒருவன் இவ்வளவு கறி வைக்க ஏலுமா? யாருமே அதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

நான் ருசி பார்க்கிற விதம் உனக்குத் தெரியும். அகப்பையால் எடுத்து இடது உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்குவேன். பருப்புக்கு உப்புப் பார்க்க ஒருதரம், தேங்காய்ப்பால் விட்ட பிறகு இன்னொருதரம். கத்தரிக்காய் மோஜுவுக்குப் புளியும் சீனியும் சரிவர நாலுதரம். அன்னாசிக் கறி, கிழங்குப் பால்கறி, மீன் குழம்பு. சோறு வெந்ததா என்று பார்க்க நாலு பருக்கை என்பேன், அது ஒரு பிடி. வெள்ளிக்கிழமைகளில் வட்டிலப்பம். வழித்த சட்டியின் ஓரத்தில் ஒட்டினதை விரலால். நம் தொழிலில் இதைச் சாப்பாடு என்று ஒருத்தரும் சொல்வதில்லை. உட்கார்ந்து, சோற்றுக் கோப்பையில் போட்டு, சிலுவை அடையாளம் போட்டுச் சாப்பிடுவதுதான் சாப்பாடு. நின்றுகொண்டு கையில் நக்கினது வேலை. எனக்குச் சமையல் பழக்கியவரும் அப்படித்தான் ஒருசந்தி பிடித்தார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

நீ கேட்டாய், நான் சொன்னேன். காலை ஆறு மணிக்கு சீனி போடாத தேத்தண்ணீர். பகல் ஒன்றரைக்குச் சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன். இரவு மறுபடி தேத்தண்ணீர். அவ்வளவுதான். நீ ஒவ்வொன்றையும் எழுதினாய். இரண்டாம் நாள் பகல் ஒரு மணிக்கு, நான் சோற்றுக்கு உட்கார முதல், சீனி பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்து என் இடது கையைப் பிடித்தாய். விரலைக் கழுவச் சொல்லி, சுத்தமாகத் துடைத்துக் குத்தினாய். காட்டின கணக்கைப் பார்த்து உன் முகம் மாறிவிட்டது. மறுபடி குத்தினாய். அதே மாதிரித்தான் வந்தது. "அப்பா, காலையிலிருந்து ஒண்டும் சாப்பிடல்லதானே?" என்று கேட்டாய். என் உள்ளங்கையில் மோஜுவின் மஞ்சள் அப்படியே இருந்தது. நீ விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிலோமினா தேங்காய்த் துருவலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒண்டும் இல்லை" என்று சொன்னேன்.

அதுவரைக்கும் அது பொய் இல்லை என்று வாதாடலாம், பழக்கம் என்று சொல்லலாம். அந்த நிமிசத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பிலோமினா பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கையை மூடிக்கொண்டேன். அந்த இடத்திலிருந்து அது பொய்தான்.

நீ இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தாய். இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிற ஆளுக்கு எப்படி இவ்வளவு சீனி? பிறகு ஒரு பின்னேரம் ஓடி வந்தாய், கண்ணெல்லாம் பளிச்சென்று. விரிவுரைக் குறிப்பில் கண்டுபிடித்துவிட்டேன் அப்பா என்றாய். ஈரல் சீனியைச் சேர்த்து வைக்கும், பட்டினி கிடந்தால் அதை இரத்தத்துக்குள் விடும், சீனி வருத்தக்காரருக்கு அந்தக் கதவு சரியாக மூடாது, அதனால் சாப்பிடாமல் இருந்தாலும் சீனி ஏறும். எவ்வளவு அழகான விளக்கம். அதில் ஒரு வரிகூடப் பிழை இல்லை, என் ஈரலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு ஏறின சீனி ஈரல் விட்டது மட்டும் இல்லை மகன், மோஜு விட்டதும்தான். உனக்கு நல்ல புள்ளி தந்தார்கள். விரிவுரையாளர் வகுப்பில் வாசித்துக் காட்டினாராம். அம்மா பால்சோறு பொங்கினாள். நான் அதையும் ருசி பார்த்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த கிளினிக்குக்கு நீயும் வந்தாய், கொப்பியோடு. டொக்டர் அக்கறையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மூன்று நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், விரதம் கூடாது என்று மறுபடி சொன்னார். சாப்பாட்டில் இனிக் குறைக்க ஒன்றுமில்லை என்பதால் சீனிக்குப் போடுகிற குளிசையைக் கூட்டினார். நீயும் அதுதான் சரி என்றாய், எழுதியிருந்ததை வைத்துப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வழக்கம்போலத் தலையாட்டினேன். அந்தக் குளிசை சதையியைத் தட்டி இன்சுலின் விட வைக்கிற ஜாதி. சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை என்று நீயே பிறகு எனக்கு விளங்கப்படுத்தினாய். ஒன்பது நாள் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? ஒன்பது நாளும் குசினி நடந்தது.

பத்தாம் நாள் பெரிய வெள்ளிக்கிழமை. வருசத்தில் நம் அடுப்பு எரியாத இரண்டு நாளில் ஒன்று. அன்றைக்கு நான் உண்மையாகவே விரதம். கையில் விட்டு நக்க ஒரு சட்டியும் இல்லை. காலையில் குளிசையைப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சேர்ட் உடுத்து, உன்னோடும் அம்மாவோடும் ரோட்டால் போகிற சிலுவைப்பாதைக்கு வந்தேன். ஆறாம் ஸ்தலத்தில் கை நடுங்கியது. ஏழாம் ஸ்தலத்தில் வேர்வை, குளிர்ந்த வேர்வை. பாட்டுச் சத்தம் தூரப் போனது. பக்தி முற்றிவிட்டதாக்கும் என்று நினைத்தேன், சத்தியமாக. இயேசு மூன்றாம் முறை விழுகிற ஒன்பதாம் ஸ்தலத்தில் நான் முதல் முறையாக விழுந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ மறந்துவிட்டாய், அல்லது வேண்டுமென்றே நினைக்காமல் இருக்கிறாய். சுற்றி நின்ற எல்லோரும் மார்பு வருத்தம், ஆளை அசைக்காதீர்கள் என்றார்கள். ஒருத்தர் தண்ணீர் தெளித்தார், ஒரு அம்மா செபம் சொல்லத் தொடங்கிவிட்டார். நீதான் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய். "இது நெஞ்சு இல்ல. அப்பாவுக்குச் சீனி இறங்கிட்டுது. சோடா ஏதும் தாங்க, கெதியா" என்று எதிர்க் கடை நானாவைப் பார்த்துச் சொன்னாய். அவர் போத்தல் மூடியைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். என்னை நிமிர்த்தி, விழுங்குகிறேனா என்று பார்த்துப் பார்த்து மிடறு மிடறாகத் தந்தாய். பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எனக்குக் கண் தெளிந்துவிட்டது. முதலாம் வருசப் பாடத்தை வைத்துக்கொண்டு நடு ரோட்டில் தகப்பனைக் காப்பாற்றினவன் நீ. ஆனால் நீ நினைவில் வைத்திருப்பது கொப்பியை மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் குளிசையைப் பழைய அளவுக்குக் குறைத்தார்கள். நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அப்பா இத்தனை கிழமையாக ஒருசந்திதான், ஒன்றும் நடக்கவில்லை, புதிதாக மாறினது குளிசை ஒன்றுதான், குளிசை மாறினது என் கொப்பியால் என்று நீ மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது எனக்கு விளங்கியது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், எடுக்கவில்லை. கோயில் ஆட்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள். ஒருசந்தி பிடித்து சிலுவைப்பாதையில் விழுந்த மனுசன் என்று என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் மோஜுக் கதையை எப்படிச் சொல்வது? இன்னொரு பயமும் இருந்தது. சொன்னால் நீ ருசி பார்க்க வேண்டாம் என்பாய். ருசி பார்க்காமல் எனக்குச் சமைக்கத் தெரியாது. சமைக்காவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியாது. என் கிரீடமும் என் அகப்பையும் தப்பிக்கொள்ள, உன்னைக் குற்றவாளியாக விட்டுவிட்டேன். மகன், எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்.

வீட்டுக்கு வந்த அன்று நீ அந்த நீலக் கொப்பியை அலுமாரியின் அடித்தட்டில், பழைய பெட்ஷீட்டுக்குக் கீழே வைத்ததை நான் பார்த்தேன். பிலோமினாவும் பார்த்தாள்.  அன்றிலிருந்து நான் பகிடி விட்டால் அவள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. முந்தாநாள் நான் அவளிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்டதைச் சொன்னேன். தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, "இனியாவது சொல்லுங்க முதலாளி. அந்தப் பிள்ளைட முகத்தப் பாக்க எனக்கு ஏலாம கிடக்கு" என்றாள். சொல்லத் தைரியம் வரவில்லை. ஆனால் உன் பாடத்தில் படித்த ஒரு வேலையைச் செய்தேன். நேற்று ஒரு கோப்பையை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, நான் எதை எவ்வளவு வாயில் வைக்கிறேனோ, அதில் அதே அளவை அந்தக் கோப்பையிலும் போடச் சொன்னேன். ஒரு சொட்டும் குறைக்காதே, எனக்குப் பாவம் பார்க்காதே என்றேன். அவள் பாவம் பார்க்கவில்லை. பத்து மணிக்குக் கோப்பையின் அடி தெரியவில்லை. பன்னிரண்டுக்கு அவள் இன்னொரு கோப்பை எடுத்தாள். நான் இன்னும் பகல் சாப்பாட்டுக்கு உட்காரவே இல்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீ வருகிற திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உன் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான் இருப்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் கோப்பையில் போட்டதை மட்டும் சொல்வார்கள். பிள்ளைக்கு ஊட்டி மிஞ்சினதை வழித்துச் சாப்பிட்ட தாய் அதைச் சொல்ல மாட்டாள். பேக்கரியில் நிற்கிறவன் உடைந்த பணிசைச் சொல்ல மாட்டான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அது சாப்பாடு என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே சாப்பாட்டைக் கேட்க முதல் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேள். விரதம் ஏதும் உண்டா என்று கேள், ஆனால் அதைப் புகழாதே, புகழ்ந்தால் உண்மை உன் காதுக்கு வராது. விரலைப் பிடிக்கும்போது உள்ளங்கையையும் பார். கூட வந்தவர் எங்கே பார்க்கிறார் என்றும் பார். இதெல்லாம் உன் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியாது. ஒரு பொய் எப்படி ஒரு நல்ல கொப்பிக்குள் நுழையும் என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்த போசாக்கு அதிகாரி இந்த நாட்டில் இருக்க மாட்டான். பிஸ்கட் விற்க அது தேவையில்லை.

இன்னும் ஒன்று. என் இடது காலில் இரண்டு விரலுக்குச் சூடு தெரிவதில்லை. போன மாதம் கஞ்சி கொட்டியபோதுதான் கண்டுபிடித்தேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை. இனி உன்னிடம் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. நீ கேள், நான் சொல்கிறேன், ருசி பார்ப்பதை எப்படிக் குறைப்பது என்றும் நீயே சொல்லித் தா.

நேற்றைய இரண்டு கோப்பையையும் நான் கொட்டவில்லை. லஞ்ச் ஷீட்டை விரித்து, ஓடருக்குக் கட்டுகிற மாதிரியே கட்டினேன். ஒரு ஷீட்டுக்குள் அடங்கவில்லை, இரண்டு போட வேண்டி வந்தது. பார்சலுக்கு மேலே நான் மார்க்கரால் மீன் என்றோ மரக்கறி என்றோ எழுதுவேன் அல்லவா, இதில் "அப்பாவின் ஒருசந்தி" என்று எழுதியிருக்கிறேன். பிரிட்ஜில் மேல் தட்டில் இருக்கிறது. எடுத்துத் தராசில் வைத்து நிறு. பிறகு அலுமாரியிலிருந்து அந்த நீலக் கொப்பியை எடுத்து, நான் "ஒண்டும் இல்லை" என்று சொன்ன இடத்தில் அதை உன் கையாலேயே எழுது. திங்கட்கிழமை போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போ.

அப்பா